முகத்தின் கீழ்ப்பாதி

பெங்களூர் நகரின் வடமேற்கே, துமகூருச் சாலையை ஒட்டிப் பரந்து கிடப்பது பீன்யா. 1970களில் தொழிற்பேட்டையாக உருப்பெற்ற அவ்விடத்தில் கடைசல் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும் நெருங்கி நிற்கின்றன. 2014இல் மெட்ரோ இரயில் வந்தது. காலை வேளையில் நிலையத்துப் படிகளில் இறங்கிவரும் கூட்டத்தில் கன்னடத்தோடு தமிழும் தெலுங்கும் இந்தியும் கலந்து ஒலிப்பதைக் கேட்கலாம். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பக்கமிருந்து பிழைப்பு நாடி வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் பல. என் அத்தையின் குடும்பமும் அவற்றுள் ஒன்று.

சென்ற விடுமுறையில் அங்குச் சென்றிருந்தபோது, அத்தை பழைய நாட்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்திருந்த ஒரு துண்டு விளம்பரத்தை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார்.

“ஏம்ப்பா, நீ உடம்பைப் பத்தித்தானே படிக்கிறே? இதுல இருக்கிறது நெசமான்னு பாத்துச் சொல்லு.”

கத்தி இல்லை, தையல் இல்லை, வலி இல்லை. ஒரு மணி நேரத்தில் தொங்கிய தாடை நிமிரும். பத்து வயது குறையும். இதுவே விளம்பரத்தின் சாரம். கட்டணம் 48,000 ரூபாய். அத்தை 5,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டார். மீதித் தொகைக்கு வைப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க விண்ணப்பம் எழுதித் தரவேண்டும் என்பதே அவர் என்னை அழைத்ததன் நோக்கம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை சிரிக்கவில்லை.

“சிரிக்காதே. எனக்கு அம்பத்திரண்டு வயசு. கேட்டுல நிக்கிறவன் வயசு கேக்கறதில்லே; மூஞ்சியைப் பாக்கறான். இருவது வருசம் மிசின்ல உக்காந்தவளை இப்ப நூல் வெட்டற மேசையில நிறுத்திட்டான். அழகு யாருக்கு வேணும்? இன்னும் ஆறு வருசம் வேலை இருந்தாப் போதும்.”

நான் விண்ணப்பம் எழுதவில்லை. ஒரு வாரத் தவணை கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் படித்தவற்றையும், பல் மருத்துவத் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டறிந்தவற்றையுமே இங்கு எழுதுகிறேன். இத்தகைய விளம்பரம் நம் மாணவத் தோழர்கள் பலருடைய வீட்டிற்கும் இதற்குள் வந்து சேர்ந்திருக்கும்.

மூப்பைப் பற்றிப் பேசும்போது நம் முன்னோர் ‘நரை, திரை’ என்றனர். திரை என்பது தோலின் சுருக்கம். கண்ணுக்கு முதலில் தெரிவது தோல். ஆதலின் முகம் மூப்பது தோலில் தொடங்குகிறது என்றே நாமும் எண்ணுகிறோம். முகத்தின் கீழ்ப்பாதியைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பெரும்பாலும் தவறு. கல்யாணப் பந்தலை நினைத்துப் பாருங்கள். கால்கள் நெட்டையாக இருக்கும்வரை மேலே விரித்த துணி விறைப்பாக நிற்கும். கால்களை ஒரு முழம் குறைத்துவிட்டால் துணி புதியதாகவே இருந்தாலும் தொங்கத்தான் செய்யும். முகத்துக்குப் பந்தற்கால் எலும்பும் பல்லும்.

கீழ்த்தாடை எலும்பு வாழ்நாள் முழுவதும் ஒரே வடிவில் இருப்பதில்லை. காதுக்குக் கீழே அது வளையும் கோணம் குழந்தைப் பருவத்தில் விரிந்திருக்கும். வளர்ந்தபின் ஒடுங்கி, தாடைக்கு ஒரு தெளிவான ஓரத்தைக் கொடுக்கும். முதுமையில் மீண்டும் விரியத் தொடங்கும். எலும்பின் உயரமும் நீளமும் சிறிது சிறிதாகக் குறைகின்றன. இஃது எல்லோருக்கும் நேர்வது. ஆனால் பல் விழுந்தவர்க்கு நேர்வது இதனினும் பெரிது. பல்லைத் தாங்கும் எலும்புவரம்பு பல்லுக்காகவே வாழ்வது. பல் போனால் அதுவும் கரைகிறது. அந்தியே டால்கிரென் என்னும் ஆராய்ச்சியாளர், முழுப் பல்தொகுதி கட்டிக்கொண்டவர்களை 25 ஆண்டுக் காலம் தொடர்ந்து கவனித்து 1972இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அத்தனை ஆண்டுகளும் எலும்பு கரைந்துகொண்டே இருந்தது. முன்புறத்தில் கீழ்வரம்பின் தேய்வு மேல்வரம்பைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. பொக்கைவாய்ப் பாட்டியின் மூக்கும் மோவாயும் ஒன்றையொன்று நெருங்குவதற்கு இதுவே காரணம். அங்கே தோல் குற்றவாளியன்று.

எலும்புக்கு மேல் கொழுப்பு. முகத்துக் கொழுப்பு ஒரே மெத்தையாகப் பரவியிருப்பதாக நெடுங்காலம் கருதினர். அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தைச் சேர்ந்த ரோரிக், பெசா என்னும் இருவர், இறந்தோர் முகங்களில் நீலச் சாயத்தைச் செலுத்திப் பார்த்தனர். சாயம் எங்கும் பரவாமல் குறிப்பிட்ட எல்லைகளுக்குள் நின்றது. ஆகவே கொழுப்பு தனித்தனி அறைகளாக இருக்கிறது என்று 2007இல் அவர்கள் எழுதினர். வயது ஏறும்போது சில அறைகள் வற்றுகின்றன; சில சரிகின்றன. இவ்வறைகளுக்கிடையே எலும்பிலிருந்து தோல்வரை ஓடும் கயிறுகள் போன்ற நார்கள் உள்ளன; கன்னத்தின் இந்நார்களை பர்னஸ் என்பவர் 1989இல் விளக்கினார். மோவாய்க்குச் சற்றுப் பின்னே தாடை விளிம்பில் அத்தகைய நார் ஒன்று இறுகப் பிடித்திருக்கிறது. மேலிருந்து சரிந்துவரும் கொழுப்பு அந்த நாரைத் தாண்ட முடியாமல் அதன் பின்னே தேங்குகிறது. தாடையோரத்தில் சிறு பைபோல் தொங்குவது அதுதான். வாயின் இரு முனைகளிலிருந்தும் மோவாயை நோக்கி இறங்கும் கோடுகளும் இதனோடு சேர்ந்தே ஆழமாகின்றன.

அடுத்தது தசை. கழுத்தின் முன்புறத்தில் காகிதம்போல் மெல்லிய அகன்ற தசை ஒன்று மார்பின் மேற்பகுதியிலிருந்து தாடைவரை ஏறி நிற்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு வாயை இருபுறமும் கீழ்நோக்கி இழுத்தால் கழுத்தில் வரிவரியாகப் புடைத்து நிற்பது இதுவே. இது முகத்தைக் கீழே இழுக்கும் தசை. எலும்பும் கொழுப்பும் வலுவிழந்தபின் இதன் இழுப்பு வெளிப்படையாகத் தெரிகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே தோல். அதன் வலிமை கொலாஜென் என்னும் புரத இழைகளில் உள்ளது. வயதோடு அவ்விழைகள் குறைகின்றன. வெயிலோ, குறைவதை விரைவாக்குகிறது. 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் ஒரு நிழற்படத்தை வெளியிட்டது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது மனிதர் அவர். சன்னலை ஒட்டிய இடப்பக்க முகத்தில் தோல் தடித்து, ஆழமாக உழுத நிலம்போல் கிடந்தது. வலப்பக்கமோ பல ஆண்டு இளையவர் ஒருவருடைய முகம்போல் இருந்தது. கண்ணாடியையும் ஊடுருவி வரும் ஒருவகைப் புற ஊதாக் கதிரின் வேலை இது. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். துமகூருச் சாலையில் தேநீர்க் கடையருகே லாரியை நிறுத்தி இளைப்பாறும் முதிய ஓட்டுநர்களின் வலக்கன்னத்தை நான் இப்போதெல்லாம் உற்றுப் பார்க்கிறேன். நம்மவர் தோலில் நிறமி மிகுதியாதலால் அத்துணைப் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. நமக்குச் சுருக்கத்தைவிடக் கருந்திட்டுகளே முந்தி வருகின்றன.

ஆகவே, ‘கத்தியின்றி’ என்று விளம்பரம் செய்யப்படும் ஒவ்வொரு முறையைப் பற்றியும் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இஃது எந்த அடுக்கைத் தொடுகிறது? எலும்பில் குறை உள்ளவர் தோலுக்கு மருந்திடுவதும், தோலில் குறை உள்ளவர் கொழுப்பைக் கரைப்பதும் பணத்தை ஆற்றில் போடுவதாகும்.

தோலைத் தொடும் முறைகளே மலிவானவை. சான்றும் அவற்றுக்கே அதிகம். ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்ற ஊரில் 903 பேரைக் கொண்டு நாலரை ஆண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு சாராரை நாள்தோறும் வெயில் தடுப்புக் களிம்பு பூசச் சொன்னார்கள். மற்றவரைத் தம் விருப்பப்படி விட்டுவிட்டார்கள். நாள்தோறும் பூசியவர்களின் தோல் மூப்பு 24 விழுக்காடு குறைவாக இருந்தது என 2013இல் முடிவு வெளியாயிற்று. அவர்கள் அளந்தது புறங்கைத் தோலை. மேலும் அவ்வூரார் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர். எனினும் கதிரவன் ஒருவன்தானே! குடையும், தலையைச் சுற்றிய முந்தானையும் இந்த வரிசையில் சேர்ந்தவையே.

அடுத்தது டிரெட்டினாயின் என்னும் வைட்டமின் ஏ வகைக் களிம்பு. முகப்பருவுக்கென இதைப் பரப்பிய ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர், வெயிலால் மூத்த தோலை இது ஓரளவு திருத்துவதை 1986இல் எடுத்துக்காட்டினார். மாதக்கணக்கில் பூசவேண்டும்; தொடக்கத்தில் தோல் உரியும், எரியும்; கருவுற்ற பெண்கள் தொடவே கூடாது. மெல்லிய வரிகள் குறையும். தொங்கிய தாடை ஓர் இழைகூட நிமிராது.

தசையைத் தொடுவது ஒரு நஞ்சு. இதன் வரலாறு சுவையானது. 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் கெட்டுப்போன இறைச்சிக் குழலப்பங்களை உண்டு பலர் இறந்தனர். யுஸ்டினுஸ் கெர்னர் என்பவர் அதை ஆராய்ந்தார். அவர் மருத்துவர், கவிஞரும்கூட. அந்நஞ்சு தசைகளைச் செயலற்றுப்போகச் செய்வதைக் கண்ட அவர், சிறு அளவில் இதுவே மருந்தாகலாம் என்றும் எழுதிவைத்தார். 1895இல் பெல்ஜிய நாட்டில் ஓர் இழவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் உப்பிட்ட பன்றி இறைச்சியை உண்டு நோயுற்றபோது, வான் எர்மெங்கம் என்பவர் நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிரைக் கண்டுபிடித்தார். பின்னர் ஆலன் ஸ்காட் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் மாறுகண்ணைச் சரிசெய்ய அதைப் பயன்படுத்தினார். கனடாவின் வான்கூவர் நகரில், கண்ணிமைத் துடிப்புக்கு இந்த ஊசியைப் போட்டுவந்த ஜீன் கரூதர்ஸ் என்ற பெண் மருத்துவர், ஊசி போட்ட இடத்தில் புருவநடுச் சுருக்கமும் மறைவதை 1987இல் கவனித்தார். அவருடைய கணவர் தோல் மருத்துவர். கணவனும் மனைவியுமாக 1992இல் அதை எழுதி வெளியிட்டனர். ஆக, ஆளைக் கொன்ற இறைச்சி நஞ்சு அழகு மருந்தாவதற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆயின.

கீழ்முகத்தில் இதன் வேலை என்ன? கீழே இழுக்கும் கழுத்துத் தசையைத் தளர்த்தினால் மேலே தூக்கும் தசைகளுக்குப் போட்டி குறைகிறது. தாடை ஓரம் சற்றுத் தெளிவாகிறது. இம்முறைக்கு எகிப்திய அரசி நெபர்டிட்டியின் பெயரை இட்டிருக்கிறார்கள். கழுத்து வரிகளுக்கு இதை அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 2024இல்தான் ஒப்புக்கொண்டது. பயன் மூன்று நான்கு மாதம். பின்னர் மீண்டும் ஊசி. ஊசி சற்று இடம் மாறினால் சிரிப்பு ஒருபக்கமாகக் கோணும். ஆழம் மிகுந்தால் விழுங்குவது கடினமாகும். தோல் மிகவும் தொங்கியவர்க்கு இதனால் ஆவது சிறிதே.

வற்றிய இடத்தை நிரப்பும் முறை இதனினும் பழையது, பழி மிகுந்ததும்கூட. 1899இல் வியன்னா நகரின் கெர்சூனி என்ற அறுவை மருத்துவர் பாரபின் மெழுகை உருக்கி உடலுக்குள் ஊசியால் செலுத்தினார். சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவெங்கும் முகங்களுக்குள் மெழுகு பாய்ந்தது. கிளாடிஸ் டீக்கன் என்ற பேரழகி மூக்கின் வளைவை நேராக்க மெழுகு ஏற்றிக்கொண்டதும், அது காலப்போக்கில் வழுவி மோவாய்ப்பக்கம் இறங்கியதும் அக்காலத்துப் பிரபுக் குடும்பங்களில் அனைவரும் அறிந்த செய்தி. மெழுகு இருந்த இடத்தில் கட்டிகள் தோன்றின, தோல் புண்ணாயிற்று. எடுக்கவும் வழியில்லை.

இன்று மெழுகின் இடத்தில் இருப்பது பெரும்பாலும் ஹையலுரோனிக் அமிலம். 1934இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த இப்பொருள் நம் தோலிலும் மூட்டுகளிலும் இயல்பாகவே உள்ளது. தன் எடையைவிடப் பன்மடங்கு நீரைப் பிடித்துக்கொள்வது. இதைப் பாகுபோல் இறுக்கி மோவாயிலும் தாடை ஓரத்திலும் எலும்பை ஒட்டிச் செலுத்தினால், குறைந்துபோன பந்தற்காலுக்கு அடியில் ஒரு கல் வைத்ததுபோலாகும். ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் பெரும்பகுதி கரைந்துவிடும். பிழை நேர்ந்தால் கரைப்பதற்கு மாற்று மருந்தும் உண்டு. மெழுகுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இந்த மாற்று மருந்துதான்.

ஆனால் பிழை எத்தகையது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். பற்களை இறுகக் கடித்துக்கொள்ளுங்கள். தாடைக் கோணத்தருகே ஒரு தசை கெட்டியாகப் புடைக்கும். அதன் முன்விளிம்பில், தாடை எலும்பின் கீழ் ஓரத்தில் விரலை மெல்ல வைத்துப் பாருங்கள். நாடி துடிப்பது தெரியும். முகத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனி அங்கே எலும்பைக் கடந்து மேலேறுகிறது. அதன் கிளைகள் மூக்கோரம்வரை சென்று, கண்ணுக்குச் செல்லும் குருதிக்குழாய்களோடு இணைகின்றன. ஊசி குழாய்க்குள் நுழைந்து பாகு அடைத்துக்கொண்டால் தோல் வெளுத்து, கறுத்து, அழுகும். அரிதாகப் பார்வையே போய்விடும். கண் போனபின் மாற்று மருந்து பெரும்பாலும் பயன் தருவதில்லை. ஊசியில்லாமல் அழுத்தத்தால் பாகைச் செலுத்தும் பேனாக்கள் விற்கப்படுவதை எதிர்த்து அமெரிக்க ஆணையம் 2021இல் எச்சரிக்கை விடுத்தது. அழகு நிலையத்தில் முடிவெட்டுபவரே ஊசியும் போடுகிறார் என்றால் எழுந்து வந்துவிட வேண்டும். ஊசி பிடிப்பவர் பதிவு பெற்ற மருத்துவரா, மாற்று மருந்து அந்த அறையில் உள்ளதா என்ற இரண்டையும் கேட்கக் கூச்சப்படக் கூடாது.

வெப்பத்தால் தோலை இறுக்கும் கருவிகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வானொலி அலை, கேளா ஒலி என்ற இரண்டும் தோலுக்கடியில் சூட்டை உண்டாக்குகின்றன, இழைகள் சுருங்குகின்றன, பின்னர் மூன்று, ஆறு மாதங்களில் புதிய இழைகள் தோன்றுகின்றன. தொங்கல் தொடங்கும் நிலையில் உள்ளவர்க்குச் சிறு பயன் உண்டு. சூடு மிகுந்தால் நம்மவர் தோலில் கருந்திட்டு விழும். நூல் கோத்து இழுப்பதும் இதைப்போலத்தான்: உடலிலேயே கரைந்துபோகும் நூலால் இழுத்த முகம், நூல் கரைந்ததும் பழைய இடத்திற்கு இறங்குகிறது. அத்தையின் விளம்பரத்தில் கண்ட ‘ஒரு மணி நேர’ முறை இந்த நூல்தான் என்பதைத் தொலைபேசியில் கேட்டறிந்தேன். எத்தனை மாதம் நிற்கும் என்று கேட்டதற்கு, “அவங்கவங்க உடம்பைப் பொறுத்தது சார்” என்றார்கள்.

மோவாய்க்கு அடியில் கொழுப்பு திரண்டவர்க்குப் பித்தநீரில் உள்ள டீஆக்சிகோலிக் அமிலத்தைச் செலுத்திக் கரைக்கும் ஊசி உண்டு. 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அத்தைக்கு அங்கே கொழுப்பே இல்லை.

முகப் பயிற்சியைப் பற்றிப் பலர் கேட்பர், செலவில்லாதது ஆயிற்றே! சிகாகோ நகரில் 40 முதல் 65 வயது வரையுள்ள பெண்களைக் கொண்டு 20 வாரம் இதைச் செய்து பார்த்தார்கள். முடிவு 2018இல் வெளியாயிற்று. முதல் 8 வாரம் நாள்தோறும் அரைமணி. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். நிழற்படங்களைப் பார்த்து வயது கணித்த மருத்துவர்கள், தொடக்கத்தில் சராசரி 50.8 என்றும் இறுதியில் 48.1 என்றும் மதிப்பிட்டனர். கன்னத்தின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் சற்று நிறைந்தன. சேர்ந்தவர் 27 பேர். இறுதிவரை நின்றவர் 16 பேர். பயிற்சி செய்யாத மற்றொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. எட்டு மணி நேரம் நூல் வெட்டிவிட்டு வருபவரிடம் அரைமணி கன்னத்தை உப்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆயினும் சொன்னேன். “பாத்திரம் தேய்க்கறப்போ செய்யறேன்” என்றார்.

தொங்கல் மிகுந்துவிட்ட முகத்தைக் கத்தியின்றி முற்றும் நிமிர்த்தும் முறை இன்றுவரை இல்லை. இதை வெளிப்படையாகச் சொல்லும் மருத்துவரே நம்பத்தக்கவர்.

இவ்வளவும் படித்தபின் ஒரு நாள் மாலை அத்தையை விளக்குக்கு நேராக உட்காரவைத்து முகத்தைப் பார்த்தேன். நெற்றியிலும் கண்ணோரத்திலும் அவர் வயதுக்குரிய சுருக்கம்கூட இல்லை. கீழ்ப்பாதி மட்டும் பத்து வயது மூத்திருந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். கீழ்வரிசையில் இரு பக்கமும் பின்பற்கள் இல்லை. மேலே நான்கு இல்லை. எஞ்சிய முன்பற்கள் தேய்ந்து குட்டையாகியிருந்தன.

“எப்ப போச்சு இதெல்லாம்?”

“ஒண்ணொண்ணா. வலிச்சாப் பிடுங்கிட்டு மறுநாள் வேலைக்குப் போயிடலாம். அடைக்கிறதுன்னா நாலு தடவை வரச் சொல்றான். நாலு நாள் சம்பளம் யார் குடுப்பா?”

பேராசிரியர் சொன்னது அப்போது நன்கு விளங்கிற்று. பின்பற்கள் தாம் தாடைகளை ஒன்றுக்கொன்று உரிய தொலைவில் நிறுத்துபவை. அவை இல்லையெனில் வாயை மூடும்போது கீழ்த்தாடை அளவுக்கு மீறி மேலேறிவிடும். மூக்குக்கும் மோவாய்க்கும் இடையே உள்ள உயரம் குறையும். உயரம் குறைந்தால் உதடு உள்ளே மடியும். வாய்முனை கீழே தாழும். கன்னத்தின் தோல் மிகையாகி மடியும். இந்த முகத்தை நூல் கொண்டு இழுப்பது, கால் முறிந்த பந்தலின் துணியை மட்டும் இழுத்துக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

பல் போவதற்குச் சோர்வு மட்டும் காரணமன்று. அத்தையோடு வேலை செய்வோர் பலர் தூக்கம் வராதிருக்கப் பாக்குப் பொட்டலத்தை வாயில் அடக்கிக்கொள்கின்றனர். பாக்கு கன்னத்தின் உட்புறத்தை நாராக இறுக்கி, வாய் திறக்கும் அளவையே குறைத்துவிடும். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் விளைவிக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூலில் வகுத்திருக்கிறது. கீழ்முகத்தின் இளமையைப் பற்றிப் பேசும் விளம்பரம் எதிலும் இச்செய்தியை நான் காணவில்லை.

அத்தையைப் பெங்களூரிலுள்ள ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். மாணவர்கள் பயிலும் இடமாதலால் கட்டணம் குறைவு, காத்திருப்பு அதிகம். ஐந்து முறை செல்லவேண்டி வந்தது. நான்கு முறை சனிக்கிழமை அரைநாள் விடுப்பில் முடிந்தது. ஒரு நாள் கூலி மட்டும் போயிற்று. கழற்றி மாட்டும் பல்தொகுதிகள் இரண்டு, மேலுக்கு ஒன்றும் கீழுக்கு ஒன்றுமாகச் செய்து கொடுத்தார்கள். தேய்ந்த முன்பற்களையும் சற்று உயர்த்திக் கட்டினார்கள். மொத்தச் செலவு விளம்பரத்தில் கண்ட தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

மாட்டிய அன்று மாணவ மருத்துவர் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். உதடு வெளியே வந்திருந்தது. வாய்முனைக் கோடு ஆழம் குறைந்திருந்தது. தாடையோரத்துப் பை மட்டும் அப்படியே இருந்தது. அது போகாது என்று நான் முன்னமே சொல்லியிருந்தேன். அத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, “எங்கம்மா மாதிரி இருந்தேன், இப்ப எங்கக்கா மாதிரி இருக்கேன்” என்றார்.

எலும்பு கரைந்துகொண்டே இருப்பதால் கீழ்த்தொகுதி சில ஆண்டுகளில் தளரும். ஆண்டுக்கொரு முறை காட்டிச் சரிசெய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டு இப்போது நாட்காட்டிக்குப் பின்னால் இருக்கிறது. வைப்பு நிதி எடுபடாமல் அப்படியே இருக்கிறது. முன்பணம் 5,000 ரூபாயைத் திருப்பிக் கேட்கப் போனபோது, அதற்கு ஈடாக முகத்துக்கு நீராவி பிடித்து விடுவதாகச் சொன்னார்களாம். அத்தை வேண்டாம் என்று வந்துவிட்டார். மேசையிலிருந்து மீண்டும் எந்திரத்துக்கு மாற்றக் கேட்டு மேற்பார்வையாளரிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். அதை மட்டும் நான் எழுதிக் கொடுத்தேன்.